அப்பாவின் பிளாப்பிகளைப் படிக்க மறுக்கும் டிரைவ்: எங்கே தொடங்குவது?

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். பரணிலிருந்து இறக்கிய 486 கணினி ஓடுகிறது, டாஸ் என்ற பழைய இயங்குதளம் ஏறுகிறது. ஆனால் அப்பாவின் 3.5 அங்குல பிளாப்பியைப் போட்டு டைரக்டரி (கோப்புப் பட்டியல்) கேட்டால் டிரைவின் விளக்கு எரிகிறது, உள்ளே கர்கர் என்று இரண்டு மூன்று முறை இழுக்கிறது, பிறகு "ஜெனரல் ஃபெயிலியர் ரீடிங் டிரைவ் ஏ" என்று வந்து நிற்கிறது. மூன்று பிளாப்பிகளைப் போட்டுப் பார்த்தும் அதே கதை. பெட்டியில் இன்னும் பதினேழு இருக்கின்றன. அப்பா 1990களில் தமிழில் தட்டச்சு செய்த ஊர் வரலாறு அவற்றில்தான் இருக்கிறது. இந்த டிரைவைச் சரிசெய்வதா, வேறொன்று வாங்குவதா?

பதிலுக்கு முன்னால் ஒரு வேண்டுகோள். அந்தப் பதினேழில் ஒன்றைக்கூட இப்போதைக்கு டிரைவுக்குள் விடாதீர்கள்.

ஹார்ட் டிஸ்க்கில் படித்து எழுதும் ஹெட் தட்டின் மேல் படாமல் மிதக்கும். பிளாப்பியில் அப்படி இல்லை. மேலே ஒரு ஹெட், கீழே ஒரு ஹெட், நடுவில் மெல்லிய பிளாஸ்டிக் வட்டு. இரண்டு ஹெட்டும் வட்டைத் தொட்டுக்கொண்டே இருக்க, அது நிமிடத்துக்கு 300 சுற்று, அதாவது நொடிக்கு ஐந்து சுற்று சுழலும். ஹெட்டில் ஒரு துளி அழுக்கு ஒட்டியிருந்தாலும் அது உளிபோல வட்டின் மேல் வட்டமாகக் கோடு போடும். அந்தக் கோட்டில் இருந்த எழுத்து போனது போனதுதான். பல வருடம் முன்பு நண்பர் ஒருவருடைய பெட்டியிலிருந்து பூஞ்சை படிந்த ஒரு பிளாப்பியைச் சோதிக்காமல் டிரைவில் போட்டேன். அதை எடுத்துவிட்டு நல்ல நிலையில் இருந்த அடுத்ததைப் போட்டேன். முதல் வட்டிலிருந்து ஹெட்டில் ஒட்டிய குப்பை இரண்டாவதையும் கீறிவிட்டது. அந்த இரண்டு பிளாப்பிகளும் திரும்பவில்லை. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

ஒவ்வொரு பிளாப்பியையும் கையில் எடுத்து, உலோக மூடியை விரலால் நகர்த்தி, பின்பக்கம் நடுவில் இருக்கும் உலோகச் சில்லைப் பிடித்து மெதுவாகச் சுற்றுங்கள். நல்ல வெளிச்சத்தில், சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். வட்டு கண்ணாடிபோல் ஒரே சீராக, கரும்பழுப்பாக இருக்க வேண்டும். வெள்ளைப் புள்ளிகள், சிலந்தி வலைபோன்ற படலம், மங்கலான திட்டுகள் தெரிந்தால் பூஞ்சை. நம் ஊர் ஈரக்காற்றில், அதுவும் பரணில் அட்டைப்பெட்டிக்குள் இருந்தவற்றில் இது மிகச் சாதாரணம். வட்டமான கோடுகள் தெரிந்தால் ஏற்கெனவே கீறல் விழுந்துவிட்டது. நீங்கள் போட்டுப் பார்த்த மூன்றையும் இப்படிப் பார்த்துச் சொல்லுங்கள். கோளாறு எந்தப் பக்கம் என்பதில் பாதி அங்கேயே தெரிந்துவிடும்.

பூஞ்சை இருந்தால் பதற வேண்டாம். வட்டின் மேற்பூச்சு உரியாத வரை காப்பாற்றலாம். முகக்கவசம் போட்டுக்கொண்டு, 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த, நூல் பிரியாத மெல்லிய துணியால் மூடியின் திறப்பு வழியாக இரண்டு பக்கமும் லேசாகத் துடையுங்கள். சில்லைச் சுற்றிச் சுற்றி முழு வட்டத்தையும் துடைக்க வேண்டும். அதிகம் படிந்திருந்தால் பிளாஸ்டிக் கூட்டை ஓரத்தில் நெம்பிப் பிரித்து, வட்டை வெளியே எடுத்துத் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு சுத்தமான வேறொரு பிளாப்பியின் கூட்டுக்குள் மாற்றலாம். பழைய கூட்டின் உள்துணியிலும் பூஞ்சை இருக்கும் என்பதால் அதையே திரும்பப் பயன்படுத்தாதீர்கள். துணியில் பழுப்பாக ஏதாவது வந்தால் உடனே நிறுத்துங்கள். அது அழுக்கு இல்லை, எழுத்து பதிந்திருக்கும் காந்தப் பூச்சே கழன்று வருகிறது. முதலில் வேண்டாத பிளாப்பி ஒன்றில் கை பழகிக்கொள்ளுங்கள்.

கூடவே, எல்லாவற்றிலும் எழுத்துத் தடுப்பை இப்போதே போட்டுவிடுங்கள். மூலையில் இருக்கும் சிறிய தாழ்ப்பாளை நகர்த்தி ஓட்டை தெரியும்படி வைத்தால் டிரைவால் எழுத முடியாது. விண்டோஸ் 95 போன்றவை பிளாப்பியைச் சும்மா திறந்து பார்த்தாலே அதன் முதல் செக்டரில் (எழுத்து பதியும் சிறு பகுதி) தன் அடையாளத்தை எழுதிவைக்கும். "டிஸ்க் ஃபார்மேட் செய்யப்படவில்லை, இப்போது செய்யவா" என்று கேட்டால் எக்காரணத்துக்காகவும் சம்மதிக்காதீர்கள்.

இனி டிரைவுக்கு வருவோம். கழற்றுவதற்கு முன்னால் வெளியிலிருந்தே பார்க்க வேண்டியவை சில உண்டு.

486 போர்டில் கடிகாரத்துக்கான பேட்டரி இந்நேரம் செத்திருக்கும். பேட்டரி செத்தால் பயாஸ் (கணினி எழும்போதே ஓடும் அடிப்படை நிரல்) தன் அமைப்புகளை மறந்துவிடும், டிரைவ் எந்த வகை என்பதையும் சேர்த்து. பயாஸுக்குள் போய் ஏ டிரைவ் "1.44 எம்பி, 3.5 அங்குலம்" என்று இருக்கிறதா பாருங்கள். 1.2 எம்பி என்றோ 720 கேபி என்றோ இருந்தால் நீங்கள் சொல்லும் அதே பிழை வரலாம், டிரைவில் ஒரு குறையும் இல்லாமலே. இதோடு இன்னொன்று: போர்டில் இருப்பது பீப்பாய் வடிவ நிக்கல் காட்மியம் பேட்டரி என்றால் அதை இன்றே வெட்டி எடுத்துவிடுங்கள். அது கசிந்து பச்சையாகப் படர்ந்து போர்டின் செம்புக் கோடுகளைத் தின்றுவிடும். படர ஆரம்பித்திருந்தால் பஞ்சில் வினிகர் தொட்டுத் துடைத்து, பிறகு ஆல்கஹாலால் துடையுங்கள். நீங்கள் கேட்காத விஷயம்தான், ஆனால் டிரைவை விட அந்தக் கணினிக்கு அவசரம் இதுதான்.

அடுத்தது ரிப்பன் கேபிள். அதில் 34 கம்பிகள். ஓரத்தில் சிவப்புக் கோடு இருப்பது 1ஆம் கம்பி. ஒரு முனைக்கு அருகில் 10 முதல் 16 வரையான ஏழு கம்பிகள் மட்டும் பிரிந்து முறுக்கியிருக்கும். முறுக்கைத் தாண்டிய முனையில் மாட்டிய டிரைவ் ஏ, முறுக்குக்கு முன்னால் நடுவில் மாட்டியது பி. கேபிளைத் தலைகீழாக மாட்டினால், கணினியைப் போட்டதிலிருந்து விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருக்கும். ஒற்றைப்படைக் கம்பிகள் எல்லாம் கிரவுண்டு (0 வோல்ட்) என்பதால், திருப்பி மாட்டும்போது டிரைவின் கட்டளைப் பின்கள் எல்லாம் கிரவுண்டில் போய் உட்கார்ந்துவிடும். 24ஆம் பின்னில் வரும் எழுதும் கட்டளையும் அதில் சேர்த்தி. அந்த நிலையில் எழுத்துத் தடுப்பு இல்லாத பிளாப்பியைப் போட்டால் டிரைவ் அதை அழிக்கவும் செய்யும். உங்கள் டிரைவில் கணினி கேட்கும்போது மட்டும் விளக்கு எரிந்து அணைகிறது, ஹெட்டும் நகர்கிறது. ஆகவே உங்கள் கேபிள் நேராகத்தான் இருக்கிறது. ஆனாலும் இரண்டு முனைகளையும் நான்கைந்து தடவை கழற்றி மாட்டுங்கள். வருடக்கணக்கில் அசையாமல் கிடந்த பின்களில் படிந்த கறுப்பு அப்போதுதான் உரியும்.

மின்சாரம்: டிரைவுக்கு வரும் சிறிய நான்கு பின் இணைப்பில் சிவப்பு 5 வோல்ட், மஞ்சள் 12 வோல்ட், நடுவில் இரண்டு கறுப்பும் கிரவுண்டு. கணினி ஓடும்போது மல்டிமீட்டரில் சிவப்பு 4.75க்கும் 5.25க்கும் இடையில் இருக்க வேண்டும். குறைந்தால் கோளாறு கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டியில். இந்த இணைப்பை ஒரு பின் தள்ளி மாட்டிவிடும் ஆபத்து உண்டு, அதற்கு டிரைவ் தாங்காது. குனிந்து விளக்கடித்துப் பார்த்தே மாட்டுங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தால் டிரைவைத் திறக்க வேண்டியதுதான். உங்கள் விஷயத்தில் கோளாறு பெரும்பாலும் இங்கேதான் இருக்கும் என்பது என் கணிப்பு. விளக்கு எரிகிறது, மோட்டார் சுழல்கிறது, ஹெட் நகர்ந்து தேடுகிறது, ஆனால் எதையும் படிக்க முடியவில்லை. இருபது வருடம் தூங்கிய டிரைவில் இந்த அறிகுறிகள் அழுக்கு ஹெட்டையும் இறுகிய கிரீஸையுமே காட்டுகின்றன.

மேல் தகட்டைப் பிடித்திருக்கும் இரண்டு மூன்று ஸ்க்ரூக்களைக் கழற்றுங்கள், சிலவற்றில் தகடு வெறும் கொக்கியில் நிற்கும். உள்ளே எதையும் தொடுவதற்கு முன் போனில் நாலு கோணத்தில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மென்மையான பிரஷ்ஷால் தூசியைத் தட்டுங்கள். நடுவில் ஒரு சிறிய வண்டி தெரியும். அதன் நுனியில் மேலும் கீழும் அரிசி அளவுக்குச் சிறிய பளபளப்பான கட்டைகள் இருக்கும், அவைதான் ஹெட்கள். மேல் ஹெட் ஒரு மெல்லிய ஸ்பிரிங் கையில் தொங்குகிறது. அதைத் தேவைக்கு மேல் தூக்கினால் அந்தக் கை வளைந்துவிடும், வளைந்தால் அந்த டிரைவ் முடிந்தது. பிளாப்பி இல்லாதபோது பொறியே அதைத் தூக்கி வைத்திருக்கும். அந்த இடைவெளி போதும், அதற்குள் வேலையை முடியுங்கள்.

துடைக்கவும் அதே 99 சதவீத ஆல்கஹால்தான். கை கழுவும் சானிடைசர் கூடாது, அதில் கிளிசரின் கலந்திருக்கும், ஹெட்டின் மேல் படலமாக நின்றுவிடும். காது குடையும் பஞ்சைவிட ஸ்பாஞ்ச் நுனி உள்ள குச்சி நல்லது, பஞ்சின் நார் ஹெட்டில் சிக்கும். பஞ்சுதான் கிடைத்தது என்றால் துடைத்த பிறகு லென்ஸ் வைத்து நார் ஒட்டியிருக்கிறதா பாருங்கள். அழுத்தாமல் துடைத்து, குச்சியைப் பார்த்து, புதுக் குச்சி எடுத்து, மறுபடி துடையுங்கள். குச்சி பழுப்பாக வருவது நின்று வெள்ளையாகவே வரும் வரை நிறுத்தாதீர்கள். ஐந்து நிமிடம் காயவிடுங்கள்.

பிறகு வண்டி ஓடும் தண்டவாளக் கம்பியும், அதை நகர்த்தும் ஸ்டெப்பர் மோட்டாரின் மரை போட்ட தண்டும். தொழிற்சாலையில் தடவிய கிரீஸ் இப்போது மெழுகாகியிருக்கும். ஒரு டிராக்கிலிருந்து (எழுத்து பதியும் வட்டப் பாதை) அடுத்த டிராக்குக்கு உள்ள தூரம் ஏறக்குறைய 0.19 மில்லிமீட்டர்தான். மெழுகில் சிக்கிய வண்டியால் அந்த அளவுக்குத் துல்லியமாக நிற்க முடியாது. மின்சாரம் இல்லாத நிலையில் தண்டை விரலால் சுற்றிப் பாருங்கள். எங்கும் சிக்காமல் வண்டி உள்ளும் வெளியும் போய்வர வேண்டும். பழைய கிரீஸை ஆல்கஹாலால் முழுக்க எடுத்துவிட்டு, தண்டில் துளி வெள்ளை லித்தியம் கிரீஸ், கம்பியில் ஒரு சொட்டு தையல் மிஷின் எண்ணெய். அவ்வளவே. தேங்காய் எண்ணெய் விடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து வேண்டாம். மார்கழிக் குளிரில் உறைந்து, கோடையில் இளகி, கடைசியில் பிசினாகி நிற்கும். துரு நீக்கும் ஸ்பிரேயும் கூடாது, அது தெறித்து ஹெட்டிலும் சென்சாரிலும் படியும்.

இப்போது ஒரு எளிய சோதனை. தண்டைச் சுற்றி வண்டியை உள்பக்கமாக, வட்டைச் சுழற்றும் மோட்டாரின் மையத்தை நோக்கி, கொஞ்சம் நகர்த்தி வையுங்கள். பிளாப்பி போடாமல் கணினியை இயக்குங்கள். பயாஸ் சோதனையின்போது வண்டி தானாக வெளிப்பக்கம் போய், 0ஆவது டிராக்கில் அமைதியாக நின்றால் ஸ்டெப்பர் மோட்டாரும் 0ஆவது டிராக்கைக் காட்டும் ஒளி சென்சாரும் நலம். நகரவே இல்லை என்றால் இறுக்கமோ ஸ்டெப்பர் மோட்டாரோ. ஓரத்தில் போய் டடடட என்று முட்டிக்கொண்டே இருந்தால் சென்சார் கண்ணில் தூசி. ஊதிச் சுத்தம் செய்தாலே பல நேரம் சரியாகும்.

முன்பக்கம் பிளாப்பி வந்து உட்காரும் இடத்தில் சின்னச் சின்னப் பொத்தான்கள் இருக்கும். பிளாப்பி உள்ளே வந்ததா, எழுத்துத் தடுப்பு இருக்கிறதா, இது 1.44 எம்பியா 720 கேபியா என்று அவைதான் டிரைவுக்குச் சொல்கின்றன. ஒவ்வொன்றையும் பத்துப் பதினைந்து முறை அழுத்தி விடுங்கள். அடர்த்தியைச் சொல்லும் பொத்தான் கறுத்துப்போனால் நல்ல 1.44 எம்பி பிளாப்பியைக்கூடப் படிக்கத் தடுமாறும். பிளாப்பி மாறியதைச் சொல்லும் சமிக்ஞை 34ஆம் கம்பியில் வருகிறது. அது வேலை செய்யாவிட்டால் வரும் கோளாறு கொடியது. இரண்டாவது பிளாப்பியைப் போட்டாலும் திரையில் முதல் பிளாப்பியின் கோப்புப் பட்டியலே தெரியும். அந்த நேரத்தில் எதையாவது எழுதினால், முதலாவதின் அட்டவணை இரண்டாவதின் மேல் ஏறி இரண்டாவதைக் குலைத்துவிடும்.

போர்டில் சிறிய அலுமினிய உருளைகளாக நிற்கும் கெபாசிட்டர்களின் காலடியில் ஈரமோ பழுப்போ தெரிந்தாலும், சூட்டுக்கோல் வைத்ததும் மீன் வாடை வந்தாலும், அவை கசிந்துவிட்டன. சால்டரிங் தெரிந்த ஒருவரிடம் மாற்றக் கொடுங்கள்.

சுத்தம் செய்த டிரைவில் முதலில் போட வேண்டியது அப்பாவின் பிளாப்பி இல்லை. வேண்டாத பிளாப்பி இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை இதே டிரைவில் ஃபார்மேட் செய்து, எழுதி, படித்துப் பாருங்கள். இன்னொன்று, பழைய மென்பொருளோடு பெட்டியில் வந்த அசல் நிறுவல் பிளாப்பியாக இருக்கட்டும். தொழிற்சாலையில் நகலெடுக்கும் பொறிகளில் ஹெட்டின் இடம் துல்லியமாக வைக்கப்பட்டிருக்கும், ஆகவே அந்தப் பிளாப்பி நமக்கு ஒரு அளவுகோல். இரண்டையும் படித்தால் டிரைவ் நலம். தான் எழுதியதைப் படித்து, அசலைப் படிக்கத் திணறினால் ஹெட்டின் சீரமைப்பு விலகியிருக்கிறது. டேவ் டன்ஃபீல்ட் எழுதிய இமேஜ்டிஸ்க் என்ற டாஸ் நிரல் சுழலும் வேகத்தை அளந்து காட்டும், எந்த டிராக்கில் எத்தனை செக்டர் படிக்கிறது என்பதையும் காட்டும். வேகம் 300ஐ ஒட்டியே இருக்க வேண்டும்.

பிழைச் செய்தியையும் கவனியுங்கள். "நாட் ரெடி" என்றால் பிளாப்பி இருப்பதையோ சுழல்வதையோ டிரைவ் உணரவில்லை. "செக்டர் நாட் ஃபவுண்ட்" என்றால் சுழல்கிறது, தேடும் இடம் கிடைக்கவில்லை. "டேட்டா எரர்" வந்தால் நான் மகிழ்வேன். இடம் கிடைத்துவிட்டது, படித்தும் விட்டது, சரிபார்ப்புக் கூட்டல் மட்டும்தான் பொருந்தவில்லை என்று பொருள். அங்கிருந்து மீட்க வழி உண்டு.

சீரமைப்பு விலகியது தெரிந்ததும் ஸ்டெப்பர் மோட்டாரின் ஸ்க்ரூவைத் தளர்த்தித் திருத்தத்தான் எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். அதைச் செய்யாதீர்கள். நீங்கள் கேட்ட "வேறொன்று வாங்குவதா" என்பதற்கும் பதில் இங்கேதான் இருக்கிறது. அப்பா அந்தப் பிளாப்பிகளை எழுதியது இதே டிரைவில் என்றால், அது அன்றே விலகியிருந்திருந்தால், எழுத்துகளும் அதே அளவு விலகித்தான் பதிந்திருக்கும். சரியாகச் சீரமைத்த புது டிரைவ் அவற்றைப் படிக்காது, விலகிய இந்தப் பழைய டிரைவ் படித்துவிடும். ஆகவே பழையதை எறியவும் வேண்டாம், திருத்தவும் வேண்டாம். கூடவே காயலான் கடையிலோ, சென்னை என்றால் ரிச்சி தெருவிலோ, இன்னொரு டிரைவும் தேடி வாங்குங்கள். இரண்டையும் சுத்தம் செய்து, ஒன்றில் படிக்காததை மற்றதில் முயலுங்கள். யூஎஸ்பி பென் டிரைவை பிளாப்பிபோல் காட்டும் கோடெக் பெட்டியைச் சிலர் பரிந்துரைப்பார்கள். நல்ல கருவிதான், ஆனால் அதற்குள் பிளாப்பியைப் போட முடியாது, உங்கள் தேவைக்கு உதவாது.

அப்பாவின் பிளாப்பிகளைப் போடும் நாள் வரும்போது, கோப்பு கோப்பாகத் திறந்து பார்க்காதீர்கள். முழுப் பிளாப்பியையும் ஒரே தடவையில் பிம்பமாக, அதாவது ஒரே கோப்பில் முழு நகலாக, எடுத்துவிடுங்கள். பக்கத்துக்கு 80 டிராக், இரண்டு பக்கம், டிராக்குக்கு 18 செக்டர், மொத்தம் 2880 செக்டர், 14,74,560 பைட். நான் பயன்படுத்துவது கீர் ஃப்ரேசர் உருவாக்கிய கிரீஸ்வீசல் என்ற சிறிய பலகை. சாதாரண பிளாப்பி டிரைவை யூஎஸ்பி வழியாக இன்றைய மடிக்கணினியில் இணைத்து, ஹெட் உணரும் காந்த மாற்றங்களையே அப்படியே பதிவு செய்துகொள்ளும். மங்கிய செக்டரைப் பல சுற்று படித்துச் சேமிக்கலாம். அதன் பிறகு பிளாப்பியைத் தொடாமல் அந்தப் பதிவை வைத்தே எத்தனை முறை வேண்டுமானாலும் முயலலாம். பிளாப்பி போர்ட் உள்ள பழைய லினக்ஸ் கணினி கிடைத்தால் டிடிரெஸ்கியூ என்ற நகலெடுக்கும் நிரலும் நல்லது. எளிதாகப் படிப்பதை முதலில் எடுத்துவிட்டு, முரண்டு பிடிப்பதற்குப் பிறகு திரும்பி வரும். படிக்கும்போது கீச் என்று சத்தம் கேட்டால் அந்த நொடியே வெளியே எடுங்கள். ஒவ்வொரு பிளாப்பிக்குப் பிறகும் ஹெட்டை ஒரு முறை துடைத்துவிட்டு அடுத்ததைப் போடுங்கள். பதினேழுக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் போகும், போகட்டும்.

கடைசியாக ஒன்று. கோப்பைத் திறந்ததும் தமிழுக்குப் பதிலாகக் கன்னாபின்னாவென்று ஆங்கில எழுத்தும் குறிகளும் தெரிந்தால், எல்லாம் அழிந்துவிட்டது என்று மனம் உடைந்துவிடாதீர்கள். 1990களில் யூனிகோடு நம் வீடுகளுக்கு வரவில்லை. ஒவ்வொரு மென்பொருளும் எழுத்துருவும் தமிழை வெவ்வேறு எண்களில் வைத்திருந்தன. டிஸ்கி, பாமினி, தமிழ்நாடு அரசு 1999ல் அறிவித்த டாம், டாப், மத்திய அரசின் சீடாக் நிறுவனத்தின் ஜிஸ்ட் அட்டை வழியாக வந்த இஸ்கி என்று பல. எது என்று தெரிந்தால் யூனிகோடுக்கு மாற்றிவிடலாம். அதைக் கண்டுபிடிக்கும் தடயம் அந்த 486இன் ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறது: அப்பா பயன்படுத்திய எழுத்துருக் கோப்புகளும், தட்டச்சு செய்த மென்பொருளும். அந்த ஹார்ட் டிஸ்க்கும் முப்பது வயதை நெருங்குகிறது. பிளாப்பி வேலையைத் தொடங்குவதற்கு முன்பே அதை முழுதாக நகலெடுத்து வைத்துவிடுங்கள்.